பாதி தூரம் நான் ஓட்டுவேன்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டப் போகிறார்கள் என்ற சேதி வந்தபோது, அங்கே சூப்பர்வைசராக இருந்தவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆண்டுக்கொரு தடவை யாராவது இப்படிச் சொல்வார்கள். பிறகு பழைய பாய்லருக்கே ஒரு புதுக் குழாயை வைத்து ஒட்டுப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தடவை நிஜமாகவே ஆள் வந்து அளவெடுத்தான். பாய்லர் இல்லையென்றால் நீராவி இல்லை. நீராவி இல்லையென்றால் இஸ்திரி ரோலர் சூடேறாது. வேலை முடிகிற வரைக்கும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளியே அனுப்பித் துவைத்துக்கொள்வார்களாம்.

"நீங்கதான் லீவே எடுத்ததில்லையே. மழைக்காலம் முடிஞ்சதும் வேலை ஆரம்பிக்குது. மூணு வாரம் நீங்க வர வேண்டாம்" என்றார் மேலாளர், வேலையை விட்டே அனுப்புகிற குரலில்.

மழைக்காலம் ஆரம்பிக்கவே இன்னும் பல மாதம் இருந்தது. ஆனால் மகளுக்கு விஷயம் தெரிந்ததும் அவள் விடவில்லை. வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் பெண்; போனிலேயே அதிகாரம் செய்து பழகியவள்.

"அம்மா, இப்பவும் எங்கயும் போகலேன்னா நீங்க ரெண்டு பேரும் எப்பதான் போவீங்க? வெளிநாட்டுக்குப் போயிட்டு வாங்க."

எந்த வெளிநாடு என்பதில் தாய்க்குக் குழப்பமே வரவில்லை. சலவைக்கூடத்துக் கேன்டீனில் எந்நேரமும் ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அதில் அந்தப் பெரிய நாட்டின் அருவி ஒன்றைக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிப்போனது. பகலெல்லாம் வெந்நீர் ஆவியில் வெந்துகொண்டிருப்பவளுக்குக் குளிர்ந்த சாரலைக் காட்டினால் வேறென்ன ஆகும்? அன்றிலிருந்து அந்த நாடு அவள் மனதில் விரித்துவைத்த விரிப்பாகக் கிடந்தது.

நாடு பெரிசு. ஒரு மூலையில் அருவி, இன்னொரு மூலையில் கடல், நடுவில் பாலைவனம். ஊர்ப் பேர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. அதனால் தாயும் மகளுமாகச் சேர்ந்து போனிலேயே பேர் வைத்துக்கொண்டார்கள்: அருவி ஊர், ஏரி ஊர், குதிரை ஊர், பாலைவன ஊர் என்று. மொத்தம் ஏழு ஊர். ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்கு ரயில். நீண்ட தூரத்துக்கு ராத்திரி ரயில், படுக்கை வசதியோடு. வேலை முடிந்து வந்த மாலைகளை எல்லாம் இதற்கே கொடுத்து ஒருவழியாகத் திட்டத்தைக் கோத்துமுடித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே ஒரு பெருமிதம். மடிப்புக் கலையாமல் அடுக்கிய விரிப்பு அலமாரியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இனி அவள் கணவரிடம் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவர் லாரிக்காரர். ஃப்ரீசர் லாரி. மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் என்று உறைந்தது எதுவானாலும் உருகுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். கல்யாணமான நாளிலிருந்து வாரத்தில் ஓரிரு ராத்திரிதான் வீடு, மிச்சமெல்லாம் ரோடு. நல்ல மனுஷர். குடி இல்லை, கோபம் இல்லை. பேச்சுத்தான் இல்லை. வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார்.

அன்று அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் திட்டத்தை மேஜையில் வைத்தாள். அவர் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் அதைப் பார்த்தார்.

"இருக்கிற நாள்ல பாதி ரயில்லயே போயிடுதே" என்றார்.

"ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே போகலாம்ங்க. பேசிக்கிட்டே போகலாம்."

"எதுக்கு? அங்க வாடகைக்குக் கார் தர்றான். காலையில இருட்டோட கிளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள அருவியை முடிச்சிடலாம். அங்கிருந்து நேரா ஏரி. ஏரியில ஒரு டீ. அப்படியே மலையில ஏத்தி அந்தப் பக்கம் இறக்கிட்டா..."

"எதை இறக்கிட்டா?"

"நம்மளைத்தான்."

"நாம என்ன உறைஞ்ச மீனாங்க, ஏத்தி இறக்குறதுக்கு?"

அவர் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஒரு வார்த்தை வளர்ந்திருக்கும். திட்டத்தோடு இருந்த வரைபடத்தை இழுத்து விரல்கணுவால் தூரத்தை அளந்துகொண்டே போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் வீட்டுக்குள் கண்டதில்லை.

அவளுக்கு வேண்டியது என்ன என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? கல்யாணமான புதிதில் ரெண்டு மூன்று தடவை லாரியில் கூடப் போயிருக்கிறாள். போன வழியெல்லாம் அவள் பார்த்தது அவருடைய ஒரு பக்கக் காதைத்தான். கேட்டதற்கெல்லாம் "ம்" என்ற பதில்தான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாதுதான். ரயில் என்றால் எதிரெதிரே உட்காரலாம். மனுஷன் ஓடி ஒளிய ஸ்டியரிங் இருக்காது. ஏழு ஊரையும் அவள் ரயிலில் கோத்ததே அதற்காகத்தான். வாய்விட்டுச் சொல்லப் போனால் ஐம்பதை நெருங்குகிற வயதில் இது ஒரு கேடா என்று தோன்றியது. சொல்லாமல் விட்டாள்.

"ரயில்தான்" என்று மட்டும் சொன்னாள்.

"யோசி" என்று எழுந்து போனார்.

யோசிக்க ஒன்றும் இல்லை என்று மறுநாளே பயண ஏஜென்சிக்குப் போனாள். ஒரு செருப்புக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். காதில் ஹெட்போன் மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இனிமையாகப் பேசினாள், அதுதான் அவளிடம் இருந்த கோளாறு. எந்தக் கெட்ட சேதியையும் இனிப்பில் புரட்டித்தான் கொடுப்பாள்.

"சூப்பர் பிளான் ஆன்ட்டி. ஒரே ஒரு சின்னச் சிக்கல். குதிரை ஊர் ரயில் வாரத்துல ரெண்டு நாள்தான் இருக்கு."

சரி என்று குதிரை ஊரை இரண்டு நாள் தள்ளினாள். தள்ளியதும் ஏரி ஊரில் தங்கும் அறை கிடைக்கவில்லை. ஏரி ஊரை முன்னால் இழுத்தாள். இழுத்ததும் அருவி ஊருக்கு ஒரே ஒரு பகல்தான் மிஞ்சியது. சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டால் கடைசிப் பொத்தான் வரைக்கும் கோணலாகும் என்பார்களே, அப்படி. மறுபடி அவிழ்த்தாள், மறுபடி பூட்டினாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஒவ்வொரு தடவையும் போனில்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று அந்தப் பெண் போனைப் பாட்டில் போட்டுவிட்டுப் போவாள். அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. சலவைக்கூடத்தில் ட்ராலி தள்ளும்போது தன்னையறியாமல் அதை முணுமுணுத்தபோது அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

மகள் போனில் வேறு யோசனை சொன்னாள். "பேசாம குதிரை ஊரை விட்டுடும்மா." மறுநாள், "குதிரை ஊர்தான் சூப்பரா இருக்குன்னு ஃப்ரெண்டு சொல்றா, விட்டுடாதம்மா."

எப்படியோ ஏழையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போதுதான் ஏஜென்சிப் பெண் கூப்பிட்டுத் தலையில் கல்லைப் போட்டாள்.

"ஆன்ட்டி, அந்த ராத்திரி ரயில் இருக்குல்ல, ஏரியில இருந்து பாலைவனத்துக்கு. அந்தச் சமயத்துல அது ஓடாதாம். தண்டவாளம் மாத்துறாங்களாம்."

"அங்கயும் பழசைக் கழட்டிப் புதுசு மாட்டுறாங்களா?"

"புரியல ஆன்ட்டி."

"ஒண்ணுமில்லம்மா."

அந்த ஒரு ரயில்தான் நாட்டின் இந்தப் பாதியையும் அந்தப் பாதியையும் கட்டிவைத்திருந்த கயிறு. அது அறுந்ததும் மூன்று ஊர் இந்தப் பக்கம், நாலு ஊர் அந்தப் பக்கம் என்று நின்றன.

அந்த வார ஓய்வுக்கு வீட்டுக்கு வந்த லாரிக்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, எந்த மனைவியும் கேட்க விரும்பாத அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே."

அவளுக்குள் எதுவோ கொதித்து மூடியைத் தள்ளியது. இத்தனை மாலைகள், இத்தனை பொத்தான்கள், அந்தப் பாழாய்ப்போன பாட்டு எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்து நின்றன.

"சரி. காரே எடுத்துக்கலாம்" என்றாள். "ஆனா பாதி தூரம் நான் ஓட்டுவேன்."

அவர் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, குழந்தை ஏதோ சொன்னதற்குச் சிரிப்பது போல, வாய்விட்டு. வீட்டில் அவர் அப்படிச் சிரித்தே வருஷக்கணக்காகிறது. இத்தனை நாள் சேர்த்துவைத்த சிரிப்பை இதற்கா செலவழிக்க வேண்டும்? அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் அவள் மறுநாளே அதை மறந்திருப்பாள். வந்துவிட்டதால் மறக்க முடியவில்லை.

"கத்துக் குடுங்க" என்றாள்.

வீட்டில் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. பாதி நாள் உறை போட்டுத்தான் கிடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கம்பெனியின் லாரி நிறுத்தும் மைதானத்துக்குப் போனார்கள். ஓரத்தில் நாலு லாரிகள் நின்றன. மற்றபடி ஈ காக்கை இல்லை. அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். வாரம் முழுக்க "ம்" என்ற ஒற்றை எழுத்தில் குடும்பம் நடத்துகிற மனுஷனுக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை பேச்சு.

"கிளட்சை விடு. மெதுவா விடு. இவ்வளவு மெதுவாவா? நின்னுடுச்சு பாரு. நியூட்ரல்ல போடு. அது நியூட்ரல் இல்ல, மூணு. கியரைப் பாக்காத, முன்னாடி பாரு. முன்னாடியே பாத்தா எப்படி, கண்ணாடியையும் பாரு. கண்ணாடியில மூஞ்சி பாக்காத, பின்னாடி வர்றதைப் பாரு."

"பின்னாடி யாருமே இல்லீங்க."

"இருந்தா?"

ஒரு லாரியின் பக்கம் கார் லேசாகச் சாய்ந்து போனதும் அவர் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். வண்டி குலுங்கி நின்றது. அவள் சாவியைத் திருகி எடுத்தாள். அவர் மடியில் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

மைதானத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபோது, பக்கத்தில் கார் ஊர்ந்துகொண்டே வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்.

"ஏறும்மா."

நடையை எட்டிப் போட்டாள்.

"யாராவது பாக்கப் போறாங்க."

"பாக்கட்டும்."

"வீடு ரொம்ப தூரம்."

"பாதி தூரம் நடக்கறேன். மீதி தூரம் கூட நடக்கறேன். நீங்க போங்க."

அவர் போகவில்லை. வீடு வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் பக்கத்திலேயே வந்தார். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் தீர்த்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில், இஸ்திரி ரோலரில் விரிப்பை ஊட்டிக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னாள். ரோலர்க்காரி இந்தப் பக்கம் ஒரு முனை, இவள் அந்தப் பக்கம் ஒரு முனை என்று பிடித்து இழுத்துச் சுருக்கம் எடுத்துக்கொண்டே பேசுவது அவர்கள் வழக்கம்.

"புருஷன்கிட்ட வண்டியும் கத்துக்கக் கூடாதுக்கா, நீச்சலும் கத்துக்கக் கூடாது" என்றாள் ரோலர்க்காரி. "ரெண்டுலயும் நம்மள முழுக விட்டுத்தான் வேடிக்கை பாப்பாங்க. எங்க தெருவுல ஒரு அம்மா சொல்லிக் குடுக்கறாங்க. அங்க போ."

அந்த அம்மாளின் காரில் இரண்டு பிரேக் இருந்தது. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று சொல்லிக்கொடுக்கிறவளுக்கு. பருத்த உடம்பு, தூங்குகிற கண்கள். மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்து உடைத்துத் தின்றுகொண்டே ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள். முதல் நாள் இவள் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டுப் பதறியபோதுகூட அவள் கடலையை நிறுத்தவில்லை.

"நீங்க எதுவும் சொல்ல மாட்டேங்கறீங்களே" என்றாள் இவள்.

"வண்டியே சொல்லுது மேடம், நான் வேற எதுக்கு? பயப்படாதீங்க. எனக்கும் சாயந்திரம் வீட்டுக்குப் போகணும். உங்களை இடிக்க விட மாட்டேன்."

அந்த ஒரு பேச்சில் பாதிப் பயம் போயிற்று. மீதியைப் போக்கத்தான் மாதக்கணக்கானது. வேலை முடிந்து வியர்வையோடு போவாள். திரும்பும்போது தோள்பட்டை கல்லாகியிருக்கும். முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது அடையாளத்துக்கு வைத்திருந்த கோன் ஒன்று வண்டிக்கடியில் போய் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் அதை இழுத்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிவந்து நிறுத்தினாள். ஆபீசர் குனிந்து பார்த்துவிட்டு, "அதை எங்க, வீட்டுக்கா எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார். இரண்டாவது டெஸ்டில் கோன்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன.

லைசென்ஸைக் கணவரிடம் காட்டினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இப்பல்லாம் எல்லாருக்கும் குடுத்துடறான்" என்றார்.

அவள் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதில் சொல்லி வாயைக் கெடுத்துக்கொள்ளவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டு வரைக்கும் போறோம். நான் ஓட்டறேன். பழக வேணாமா?" என்று மட்டும் சொன்னாள்.

அணைக்கட்டு ஊருக்கு வெளியே வெகுதூரம். மேடும் வளைவுமான ரோடு. அந்தப் பயணத்தில் பேசுவதற்கென்று அவள் ஒரு வாரமாக மனதில் சேர்த்துவைத்திருந்தாள். மகளுக்குப் பார்க்கிற இடம், ஒழுகுகிற குளியலறைச் சுவர், இத்தனை வருஷமும் கேட்காத ஒன்றிரண்டு கேள்விகள். ரோட்டைப் பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது அவளுடையது. அவருக்குத்தான் கண்ணும் வாயும் சும்மா இருக்கின்றனவே.

ஊர் எல்லை வரைக்கும் அவர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். ரெண்டு தடவை வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு ரோடு நீண்டது. அவள் மகள் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பையன் வீட்டுல இருந்து போன் வந்துதாம்ங்க. நாம என்ன சொல்றது?"

பதில் இல்லை. முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டாள். பதில் இல்லை. ஒரு நேரான இடம் வந்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மனுஷர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதற்கா இத்தனை மாதம் தோள் வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டோம்? முன்பாவது காது தெரிந்தது, "ம்" என்ற சத்தம் கேட்டது. இப்போது குறட்டைதான் மிச்சம். "ஏங்க, மலை தெரியுது பாருங்க" என்று சத்தமாகச் சொன்னாள். வேண்டுமென்றே ஒரு ஹாரன் அடித்தாள். ஒரு குழியில் வண்டியை இறக்கி ஏற்றினாள். எதற்கும் அவர் அசையவில்லை.

அணைக்கட்டில் மரத்தடியில் நிறுத்திக் கதவை ஓங்கிச் சாத்தினாள். அப்போதும் எழவில்லை. கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தோடு கரையில் போய் உட்கார்ந்து, தன் பங்கைத் தின்றாள். கோபம் தீராததால் அவர் பங்கையும் தின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். சீட் பெல்ட் பதிந்து கன்னத்தில் ஒரு கோடு. எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாதவரைப் போல நின்றார்.

"வந்தாச்சா? ஏன் எழுப்பல?"

"எழுப்பினேன்."

பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓடுற வண்டியில நான் தூங்கினதே இல்ல" என்றார். "நிறுத்திட்டுத் தூங்கியிருக்கேன். பஸ்ஸுல போனாக்கூட தூக்கம் வராது. எவன் எப்படி ஓட்டறான்னே மனசு அதுலதான் இருக்கும்."

அது தன்னைப் பற்றிய பாராட்டு என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது, திட்டுவதற்கென்று எடுத்துவைத்திருந்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரை நிதானமாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்த மனுஷரை ஏழு ஊருக்கு இழுத்துக்கொண்டு ஓட நினைத்தோமே என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"ஏழு ஊரும் வேண்டாம்ங்க" என்றாள். "மூணு நாலு போதும். ஒவ்வொண்ணுலயும் ஆற அமர இருப்போம். மலையும் பாலைவனமும் போகட்டும்."

"பாலைவனத்தை எடுத்துடாத."

அவள் வியந்துபோனாள். இத்தனை மாதத்தில் இது வேண்டும், இது வேண்டாம் என்று அவர் ஓர் ஊரைக்கூடச் சொன்னதில்லை.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான்." ஒரு கல்லை எடுத்துக் கையில் உருட்டினார். "நடுவுல ஒரு ரோடு போகுது. வளைவே கிடையாது. படத்துல பாத்தேன். அந்த ரோட்டுல வண்டியை ஓரமா நிறுத்திட்டு இறங்கி நிக்கணும்."

"நின்னு?"

"சும்மா நிக்கணும். எத்தனையோ இடத்தைத் தாண்டிப் போயிருக்கேன். நல்ல நல்ல இடமா இருக்கும். நிறுத்த முடியாது. பின்னாடி சரக்கு உருகும். இறக்குற இடத்துலதான் நிப்பேன். அங்க கிடங்கும் கேட்டும்தான் இருக்கும், வேற என்ன இருக்கும்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவள் குறுக்கே ஒரு வார்த்தை போடவில்லை. போட்டால் நின்றுவிடும் என்று பயம்.

"நான் ஓட்டறேன். எங்க சொல்றீங்களோ அங்க நிறுத்தறேன்" என்றாள் கடைசியில்.

திரும்பும்போதும் அவர் தூங்கினார். இந்தத் தடவை அவள் ஹாரன் அடிக்கவில்லை. குழிகளைப் பார்த்து ஒதுக்கி ஓட்டினாள்.

மறுநாள் மதியமே ஏஜென்சிக்குப் போன் போட்டாள். ஊர்களைச் சொன்னாள். கார் வேண்டும், ஓட்டுகிறவர் பேராகத் தன் பேரைப் போட வேண்டும் என்றாள்.

"சூப்பர் ஆன்ட்டி. லைசென்ஸ் எப்ப வாங்கினது?"

"போன மாசம்."

போன் பாட்டுக்குப் போனது. பாட்டு இரண்டு தடவை முழுக்க ஓடியது. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, ஒரே ஒரு சின்னச் சிக்கல். அங்க வாடகைக்கு எடுக்கணும்னா லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்கணுமாம். ரெண்டு மூணு கம்பெனியில கேட்டுட்டேன். எல்லாருமே அதான் சொல்றாங்க. அங்கிள் லைசென்ஸ் பழசுதானே? அவர் பேர்ல போட்டுடலாம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. போனை வைத்துவிட்டு அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றாள். அங்கே யாரும் வர மாட்டார்கள், அவ்வளவு நாற்றம். ஒரு மூட்டையை ஓங்கி ஓர் உதை விட்டாள். மெத்தென்று வாங்கிக்கொண்டது. உதைத்த திருப்திகூடக் கிடைக்கவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னாள். "அப்பவே சொன்னேனே" என்று வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒரு வருஷம் ஓட்டாம வச்சிருந்தா மட்டும் அவனுக்குப் பரவாயில்லையாமா?"

"அப்படித்தான் போலிருக்கு."

"அறிவுகெட்டவன்." ஒரு காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சரி விடு. நான் ஓட்டறேன்" என்றார்.

"நீங்க ஓட்டினா அந்த ரோட்டுல நிறுத்த மாட்டீங்க."

"நிறுத்துவேன்."

"மாட்டீங்க. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்னு அடுத்த ஊருக்கே போய்ச் சேந்துடுவீங்க. உங்க கால் பிரேக்குக்குப் போகாது."

அவர் மறுக்க வாயெடுத்தார். பிறகு காலுறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போகாதுதான்" என்றார்.

வெளியே யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அது தெருமுனை வரைக்கும் போவதைக் கேட்டார்கள்.

"பஸ் இருக்குமா?" என்றார் அவர்.

"நீங்கதான் பஸ்ஸுல தூக்கமே வராதுன்னீங்களே."

"அங்க தூங்கறதுக்கா போறோம்?"

ஏஜென்சியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கேட்கிற மாதிரி போனை மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெண் தேடினாள், பாட்டுப் போட்டாள், மறுபடி வந்தாள்.

"இருக்கு ஆன்ட்டி. ஆனா சுமாரான பஸ்தான். அந்தப் பாலைவன ரோட்டுலயே பகல் முழுக்கப் போகும். நடுவுல ஒரு இடத்துல ரொம்ப நேரம் நிக்குமாம். ஒண்ணுமே இல்லாத இடம், ஒரு ஷெட் மட்டும்தான் இருக்குன்னு போட்டிருக்காங்க. டிரைவர் மாத்தறதுக்காக நிறுத்துவாங்களாம். அதான் எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்க. யோசிச்சுக்கோங்க."

அவர் போனை நோக்கிக் குனிந்தார். அந்தப் பெண்ணிடம் அவர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நேரம் நிக்கும்மா?"

"ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும்னு போட்டிருக்கு அங்கிள். சாரி."

"சாரியெல்லாம் வேண்டாம்" என்றார். "போடு."

அந்தப் பஸ்ஸை வைத்து மறுபடியும் எல்லாவற்றையும் அடுக்க வேண்டியிருந்தது. பஸ் கிளம்புகிற நாளுக்காக ஏரியில் ஒரு நாள் குறைந்தது. அருவியில் ஒரு நாள் கூடியது. குதிரை ஊர் ஒரேயடியாகப் போயிற்று. மகளிடம் அதைச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்வது தனிக்கதை. அவள் பென்சிலும் அழிப்பானுமாக உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இதை இங்க போட்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தொல்லை கொடுத்தார். அவர் சொன்னதில் முக்கால்வாசி உதவவில்லை. சொன்னதே பெரிது என்று விட்டாள். எல்லாம் அடுக்கி முடித்து மறுபடி ஏஜென்சியைக் கூப்பிட்டாள்.

"சீட் போட்டுடவா ஆன்ட்டி?" என்றது போன். "டிரைவருக்கு நேர் பின்னாடியே ரெண்டு சீட் காலியா இருக்கு. நல்ல சீட்."

"போடு" என்றார் அவர்.

"வேண்டாம்மா" என்றாள் அவள் அதே நேரத்தில். முன்னால் உட்கார்ந்தால் பொழுதுக்கும் அந்த டிரைவருக்கு மார்க் போட்டுக்கொண்டே வருவார் இவர். "கடைசியில எது இருக்கோ அதைப் போடு."

"கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடும். முதுகு போயிடும்" என்றார் அவர்.

"போனா போகட்டும்."

"நடுவுலயாவது போடச் சொல்லு."

"நடுவுல இருந்து பாத்தா டிரைவர் தெரிவாரா?"

அவர் கூரையைப் பார்த்தார். தெரியும் என்று அர்த்தம்.

"ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண். "சீட் போயிட்டே இருக்கு."

"ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லி, போனின்மேல் கையை வைத்து மூடிவிட்டு, அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.